இடப்பக்கம் இழுக்கும் லாரி

மணி இரண்டு பத்துக்கு சாந்தாமணி லாரியைத் தூக்கி உருளைகளின் மேல் வைத்தாள். பின்பக்கத்து நான்கு சக்கரங்களும் உருளைமேல், முன்பக்கத்து இரண்டும் பலகைமேல். முன்சக்கரம் நழுவாமல் இருக்க வலது சக்கரத்தை ஒட்டி ஓர் அழிரப்பரைச் செருகினாள். பத்து வருஷப் பழக்கம், கை தானாகச் செய்துவிடும். லாரியின் சுவிட்சைப் போட்டாள், ரிமோட்டில் பச்சை விளக்கு எரிந்தது. வலது குச்சியை மேலே தள்ளி, அது திரும்பி வராதபடி நூல் போட்டுக் கட்டியதும் பின்சக்கரங்கள் இருந்த இடத்திலேயே ஓட ஆரம்பித்தன. இனி பேட்டரி தீரும்வரை ஓடும். ஓடுகிற சாமானைப் பார்த்துக்கொண்டு ஒரு பொம்பளை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை எவன் பார்ப்பான் என்று அவள் புருஷன் ஒரு தரம் கேட்டான். யூடியூபில் அவள் சேனலை ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் கட்டைகளைச் சேர்த்துக் கட்டும் பொம்மை வண்டி, மோட்டார் வைத்தது, ரிமோட்டில் ஓடுவது, இதில் எது வாங்கலாம் எது வாங்கக்கூடாது என்று தமிழில் கேட்க வேண்டுமானால் சாந்தாமணியைத்தான் கேட்க வேண்டும். மோட்டார் பம்பு கம்பெனியில் பதினோரு வருஷம் டெஸ்டிங் செக்‌ஷனில் நின்றவள். அங்கே இதற்குப் பேர் ஹீட் ரன்: மோட்டாரை முழுச் சுமையில் ஓட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் புறங்கையை அதன் முதுகில் வைத்துப் பார்த்து நோட்டில் எழுதுவது. உள்ளங்கையை வைக்கக்கூடாது, அது பொய் சொல்லும், வேலை செய்து காய்த்துப்போன தோல். புறங்கைதான் உண்மை சொல்லும். காமிரா ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஐந்து நிமிஷம் ஆனதும் புறங்கையை வைத்தாள். சூடே இல்லை. அவளுக்கு எரிச்சலாக வந்தது.

சூடாகியிருக்க வேண்டும். ஆறு சக்கரம், மரம் ஏற்றும் லாரி, முதுகில் முக்கால் கிலோ எடை வேறு வைத்திருக்கிறாள், ஒரே மோட்டார், இந்நேரம் கொஞ்சமாவது வெதுவெதுப்பு காட்ட வேண்டாமா. போகட்டும், காலையில் கிடைத்தது போதும். காலையில் ஹாலில் தரையோடு தரையாகச் சிவப்பு டேப் ஒட்டி, இருபதடி, கோட்டின் மேல் லாரியை நிறுத்தி, ஸ்டீயரிங் குச்சியைத் தொடாமல் நேரே விட்டாள். நாலடி போவதற்குள் லாரி கோட்டை விட்டு விலகியது. இடப்பக்கம். இரண்டாம் தரம் விட்டாள், இடப்பக்கம். மூன்றாம் தரம் விட்டபோது அது அழகாக ஒரு அரைவட்டம் போட்டு இரும்புக் கட்டிலின் காலில் போய் முட்டி, முன்பம்பர் பெயர்ந்து, இரண்டு மஞ்சள் கட்டைகள் கட்டிலுக்கு அடியில் உருண்டன. மூன்றையும் காமிரா பிடித்துவிட்டது. அப்போது அவளுக்கு வயிற்றில் சூடாக ஒன்று இறங்கியதே, பட்டினி கிடந்தவளுக்குச் சோறு இறங்குவதுபோல, அதை என்னவென்று சொல்வது. சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். வெட்கப்படாமல் சொன்னால் அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குத் தன் கல்யாணத்தில்கூட வரவில்லை. முட்டினது லாரி இல்லை, சம்பத்குமார். பெட்டியின் மேலேயே போட்டிருந்தான், வடிவமைப்பு சம்பத்குமார் என்று, பச்சை எழுத்தில், சின்னதாக இருந்தாலும் தெரிகிற இடத்தில்.

பன்னிரண்டு நிமிஷம். பத்தாவது நிமிஷத்து அளவைத் தவறவிட்டாள், அவனை நினைத்தால் இப்படித்தான், கடிகாரம் ஓடிவிடும். பத்து என்று எழுதாமல் பன்னிரண்டு என்றே எழுதினாள். நோட்டில் பொய் எழுதுவதில்லை. சம்பத்து அதே டெஸ்டிங் செக்‌ஷனில் அவளுக்கு அடுத்த மேஜை. அவளைவிட ஆறு வயசு இளையவன். சேனலை இரண்டு பேரும் சேர்ந்துதான் ஆரம்பித்தார்கள், இவள் கட்டுவாள், அவன் படம் பிடிப்பான், நடுநடுவே வாயடிப்பான். சனங்களுக்கு அவன் வாய் பிடிக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னால் சாந்தாமணி தானே யோசித்து ஒரு நெல் அறுவடை வண்டி கட்டினாள். இரண்டு பக்கமும் செயின் சக்கரம், பக்கத்துக்கு ஒரு மோட்டார், முன்னால் சுற்றுகிற கத்தி. ஓசூரில் குருவி பிளாக்ஸ் என்று புதிதாக ஒரு கம்பெனி, கண்காட்சியில் மேடைபோட்டு, நல்லதாக ஒன்றைக் காட்டினால் அதைப் பெட்டியில் போட்டு விற்கிறோம், கட்டினவரையும் வேலைக்கு எடுக்கிறோம் என்றார்கள். சாந்தாமணி மைக்கைப் பிடித்துப் பேச வேண்டும், சம்பத்து ரிமோட்டைப் பிடித்து ஓட்ட வேண்டும். அவள் புதுச் சேலை கட்டியிருந்தாள், அரக்கு கலர், இன்றுவரை அதை மறுபடி கட்டவில்லை. அவள் பேசி முடித்து, இப்ப வண்டி கெளம்பும் பாருங்க என்றாள். சம்பத்து இரண்டு குச்சியையும் மேலே தள்ளினான். ஒரு பக்கச் செயின் முன்னால் ஓடியது, மறுபக்கச் செயின் பின்னால் ஓடியது. வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றியது. அவன் குச்சியை விட்டிருக்கலாம். விடவில்லை, சுற்றவிட்டான், சுற்றவிட்டு மைக் பக்கம் வாயைக் கொண்டுவந்து, அக்கா வண்டிக்கு அக்கா மாதிரியே கோவம் வந்துருச்சுங்க என்றான். முந்நூறு பேர் சிரித்தார்கள். ஓசூர்க்காரர்களும் சிரித்தார்கள். மூன்று மாசம் கழித்து அந்த ஓசூர்க்காரர்கள் சம்பத்தை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பழைய ரிமோட்டுகளில் ஒவ்வொரு குச்சிக்கும் அடிவயிற்றில் அரிசியளவுக்கு ஒரு சுவிட்சு இருக்கும். அதைத் தள்ளினால் அந்தப் பக்கத்து மோட்டார் தலைகீழாக ஓடும், முன்னால் என்றால் பின்னால். முதல்நாள் சாயங்காலம் அவள் ஓட்டிப் பார்த்தாள், சரியாக ஓடியது. காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவன். ரிமோட் அவன் கையில். மேடை ஏறும்போது அவனுடைய இடது கட்டைவிரல் ரிமோட்டுக்கு அடியில் இருந்தது. அந்தப் படம் இன்னும் அவள் கம்ப்யூட்டரில் இருக்கிறது, நாற்பத்தொரு வினாடி. ஆறு வருஷமாக ஒரு ஆம்பிளையின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பது வேலை வெட்டி இல்லாதவர்கள் செய்கிற காரியம். சாந்தாமணிக்கு வேலையும் இருந்தது, அதையும் செய்துகொண்டு இதையும் செய்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள், மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தாள், ஒவ்வொரு படமாக நிறுத்திப் பார்த்தாள். பதினேழாவது வினாடியில் அந்த விரல் அசைகிறது. சுவிட்சைத் தள்ளத்தான் அசைகிறதா, வியர்த்துப்போய்ப் பிடியை மாற்றினானா, தெரியவில்லை. ஆயிரம் தரம் பார்த்தும் தெரியவில்லை. சிலநாள் தள்ளினான் என்று நிச்சயமாகத் தெரியும், அன்றைக்குச் சமையல்கூட ருசியாக வரும். சிலநாள் தெரியாது, அன்றைக்கு எது செய்தாலும் விளங்காது. பையில் மற்ற சாமான் பட்டுத் தானாகவே நகர்ந்திருந்தால்? அந்த எண்ணம் வந்ததும் அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள். இப்போதும் எழுந்து போய்க் குடித்தாள். இருபதாவது நிமிஷம், லேசான வெதுவெதுப்பு, வேகத்தில் ஒரு குறையும் இல்லை.

விமரிசனத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திட்டக்கூடாது. திட்டினால் சனம் பழைய பகை என்று சொல்லிவிடும். வருத்தப்பட வேண்டும். பெட்டி நல்லா இருக்குதுங்க, கட்டைங்க நல்லா உக்காருதுங்க, மோட்டாரு பிரமாதம், எல்லாஞ் செஞ்சுட்டு நேராப் போறதுக்கு மட்டும் மறந்துட்டாங்க. இதைச் சொல்லிவிட்டு ஒன்றும் பேசாமல் கட்டிலில் முட்டுகிற படத்தை மெதுவாக ஓட்ட வேண்டும். மூன்று தரம். மூன்றாவது தரம் அந்த மஞ்சள் கட்டைகள் உருளுகிற சத்தம் மட்டும். ஆறு வருஷமாக அவளைத் தூங்கவிடாதது ஒரு சிரிப்புச் சத்தம், அதற்கு இது பதில். அவள் சொன்னால் சொல் நிற்கும். போன வருஷம் ஒரு மண்ணள்ளும் வண்டி, கை தூக்கினால் கியர் பல் தாவுகிறது என்று சொன்னாள், அந்தக் கம்பெனி அந்த வண்டியையே நிறுத்திவிட்டது. அவள் சொன்ன ஒன்றும் இதுவரை தப்பாகப் போனதில்லை, அதனால்தான் சொன்னால் நிற்கிறது. குருவி பிளாக்ஸ் விமரிசனத்துக்கு அனுப்பிய இந்த லாரி திங்கட்கிழமை கடைகளுக்குப் போகிறது. சம்பத்து பேர் போட்டு வருகிற முதல் பெட்டி, ஆறு வருஷமாக அடுத்தவன் பேரில் கட்டிக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் அவனுக்கென்று ஒன்று. இது விழுந்தால் அந்தக் கம்பெனியில் இனி எவனும் அவன் பேரை எதிலும் போடமாட்டான். இதை அவளுக்குச் சொன்னது பம்பு கம்பெனியில் இன்னும் இருக்கிற ஒருத்தி, பாவம் சம்பத்து என்று வேறு சொன்னாள். பாவமாம். சாந்தாமணி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வெளியிடுவதென்று அப்போதே முடிவு செய்தாள்.

ஒன்றை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. லாரி நன்றாக இருந்தது. கட்டும்போதே தெரிந்தது. நேற்று ஸ்டீயரிங் பாகத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு அச்சுகளுக்கு நடுவே ஒரு சின்ன கியரை சாய்த்து உட்காரவைத்த விதத்தைப் பார்த்து, அட யார்றா இது என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யார் என்று நினைவு வந்தது. அந்த இடத்தை அப்படியே பெயர்த்துத் தூக்கி எறியலாம்போல இருந்தது. இவ்வளவு கெட்டியாகக் கட்டினவன் நேரே போவதில் எப்படிக் கோட்டை விட்டான் என்று ஒரு கேள்வி காலையிலிருந்தே மூலையில் நின்றுகொண்டிருந்தது. சாந்தாமணி அதைக் கண்டும் காணாததுபோல இருந்தாள். கீழே ஆறுமுகத்தின் லேத்துப் பட்டறையில் இரும்பு கடைகிற சத்தம் நின்றது. டீ நேரம்.

"ஏனுங்க சாந்தாமணி, டீ சொல்லட்டுங்களா?" என்று ஆறுமுகம் கீழேயிருந்தே குரல் கொடுத்தார்.

"வேண்டாங்ணா, வண்டி ஓடீட்டு இருக்குது."

"அது ஓடட்டும், நீங்க டீ குடிங்க. உங்களையா ஓட்டுது?"

நாற்பத்தைந்தாவது நிமிஷம், புறங்கையை வைக்கக் குனிந்தபோது சேலைத் தலைப்பு ரிமோட்டில் மாட்டி, இடது குச்சி, ஸ்டீயரிங் குச்சி, லேசாக நகர்ந்தது. முன்சக்கரங்கள் வலப்பக்கம் திரும்பப் பார்த்தன. பாதி திரும்பி நின்றுவிட்டன. அழிரப்பர் தடுத்தது. சாந்தாமணி தலைப்பை விடுவித்தாள். குச்சி நடுவுக்கு வந்தது, சக்கரங்களும் நடுவுக்கு வந்தன. வந்தன என்றுதான் லாரி நினைத்துக்கொண்டது. குனிந்த நிலையில் முன்னாலிருந்து பார்த்தவளுக்குத் தெரிந்தது, அது நடு இல்லை. இடப்பக்கம் ஒரு விரல்கடை சாய்ந்திருந்தது. புறங்கை மோட்டாரின் மேலேயே கிடந்தது, அதை எடுக்க மறந்துவிட்டாள்.

இது புது மாதிரி ரிமோட். பழைய வண்டிகளைப்போல இல்லை, சுவிட்சைப் போட்டதும் லாரி தானாகவே முன்சக்கரங்களை ஒரு தரம் இடப்பக்கம் கடைசிவரை, ஒரு தரம் வலப்பக்கம் கடைசிவரை திருப்பிப் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் எது என்று கற்றுக்கொள்ளும். அதுதான் அன்றைக்கு அதற்கு நேர். வலப்பக்கம் ஓர் அழிரப்பர் இருந்தால் பாதியோடு முடிந்தது என்று நினைத்து, நடுவை இடப்பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்ளும். காலையில் உருளைமேல் வைத்துத்தான் சுவிட்சைப் போட்டாள். அழிரப்பர் இருந்தது. அணைக்காமல் அப்படியே தூக்கித் தரையில் விட்டாள். பெட்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள், நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது: ஆன் செய்யும்போது முன்சக்கரங்கள் தாராளமாகத் திரும்ப இடம் விடவும். கட்டுகிற பக்கங்கள் எல்லாவற்றையும் இரண்டு தரம் படிக்கிறவள், ரிமோட்டைப் பற்றின பக்கத்தை மட்டும் படிக்கவில்லை. ரிமோட்டைப் பற்றி எனக்கு எவன் சொல்லித் தருவது என்கிற கொழுப்பு. புதிதாக வாங்குகிற எவனும் இந்தத் தப்பைச் செய்யமாட்டான், அவனிடம் உருளையும் இருக்காது, முட்டுக் கொடுக்கிற பழக்கமும் இருக்காது. பத்து வருஷம் பழகினவள் மட்டும்தான் செய்ய முடியும். லாரியில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டே நிமிஷ வேலை, அழிரப்பரை எடுத்துவிட்டு அணைத்துப் போட்டால் கோட்டைப் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரிப் போகும். அவள் அழிரப்பரை எடுக்கவில்லை.

தெரிந்தா செய்தாள்? அதை முதலில் பார்க்க வேண்டும். இன்றைக்கு மத்தியானம் சுவிட்சைப் போட்டபோது சக்கரங்கள் இடப்பக்கம் நன்றாகத் திரும்பி, வலப்பக்கம் பாதியில் நின்றதை அவள் கண் பார்த்தது. இப்போது நினைத்துப் பார்த்தால் படமாக வருகிறது. அப்படியானால் காலையிலும் பார்த்திருக்கும். கண் பார்த்ததை மனசு ஏன் வாங்கிக்கொள்ளவில்லை, வாங்கிக்கொண்டு ஏன் சொல்லவில்லை. இல்லை, தெரிந்து செய்யவில்லை, கை தானாகச் செய்தது. கை தானாகச் செய்யும் என்றால் அவன் கட்டைவிரலும், என்று ஒரு நினைப்பு வந்தது, சாந்தாமணி அதன் தலையில் ஓங்கி ஒன்று போட்டாள். அது வேறு, இது வேறு. அவன் சிரிக்கவைத்தான். சுற்றவிட்டான். ஒரு வினாடியில் குச்சியை விட்டிருந்தால் ஏதோ கோளாறு என்று போயிருக்கும், விடாமல் பிடித்துக்கொண்டு அவளையும் வண்டியையும் சேர்த்துச் சுற்றவிட்டான். இந்தப் படத்தைப் போடாமல் விட்டால் வேறு எந்தப் படம் அவளுக்குக் கிடைக்கும், அவன் இனி எப்போது அவள் மேஜைக்கு வருவான். ஆனால் போட்டால்? எவனாவது ஒருத்தன், ஊர் பேர் தெரியாத ஒருத்தன், என் லாரி நேரேதான் போகிறது என்று படம் போடுவான். நூறு பேர் போடுவார்கள். சாந்தாமணி சொன்னது தப்பு என்பார்கள், அப்புறம் அவள் எது சொன்னாலும் நிற்காது. அதற்குப் பதிலும் உடனே கிடைத்தது. எனக்கு வந்த பெட்டி இழுத்தது, உங்களுக்கு வந்தது இழுக்காமல் இருக்கலாம், சந்தோஷம். ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி ஒரு பதில் தனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது என்று பார்த்து அவளுக்கே கொஞ்சம் திகைப்பாக இருந்தது. ஐம்பத்தைந்தாவது நிமிஷம் எழுதினாள். அப்போதுதான் போன் அடித்தது, புது நம்பர்.

"அக்கா, சம்பத் பேசறனுங்க."

அவள் காமிராவை நிறுத்தினாள். ஹீட் ரன் நடுவில் அவள் காமிராவை நிறுத்தியது இதுதான் முதல் தரம்.

"சொல்லுங்க."

"என்னக்கா, நீங்க வாங்கன்னுட்டு. நான் சம்பத்துதானுங்க." சிரித்தான். அதே சிரிப்பு, கொஞ்சம் கட்டைக்குரல் ஆகியிருக்கிறது. "பொட்டி வந்து நாலு நாளாச்சுன்னு சொன்னாங்க. கேக்கக்கூடாதுதான், மனசு கேக்கல. ஓடுற சத்தம் கேக்குதுங்களே, ஹீட் ரன்னுங்களா?"

"ஆமா."

"கைய வச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். சூடு இல்ல."

அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்டது. "இது போதுங்க்கா. வேற எவன் சொன்னாலும் எனக்கு ஒண்ணுமில்ல. கம்பெனில ஆயிரம் பேரு சொல்லுவாங்க. அக்கா புறங்கை வச்சு சூடு இல்லன்னு சொல்லணும், அது ஒண்ணுதான் இந்த ஒரு வருசமா நெனச்சுட்டு இருந்தேன்."

சாந்தாமணிக்கு இதைக் கேட்கப் பிடிக்கவில்லை. எதிரி என்றால் எதிரியாக இருக்க வேண்டும். பேச்சை அறுக்கத்தான் கேட்டாள், கேட்பதற்கு ஆறு வருஷமாக ஒத்திகை பார்த்த வார்த்தைகள், அதில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை, சும்மா வாயில் வந்ததைக் கேட்டாள்.

"சம்பத்து, அன்னிக்கு அந்த சுவிட்ச நீதான தள்ளுன?"

"எந்த சுவிட்சுங்க்கா?"

"ரிமோட்டுக்கு அடியில. கண்காட்சில. அறுவடை வண்டி."

"அட, அதுங்களா." அவன் குரலில் ஒரு கலக்கமும் இல்லை, பழைய சினேகிதத்தைப் பேசுகிற குரல். "வண்டி சுத்துச்சே, சனம் என்னமா சிரிச்சுது. ஏதோ மக்கர் பண்ணிருச்சுங்கல்ல? எனக்குக் கை காலெல்லாம் ஆடிப்போச்சு, என்ன பண்றதுன்னு தெரியாம ஏதோ ஒளறுனேன், என்ன சொன்னேன்னுகூட ஞாபகமில்ல. அன்னிக்கு சரியான மழைங்க. வெளிய நின்னு மொளகா பஜ்ஜி சாப்ட்டமே. அது ஞாபகம் இருக்குது. அப்புறம் நீங்கதான் பேசவே இல்ல. வேலைக்குப் போனதுல அக்காவுக்கு வருத்தம்னு நெனச்சுட்டேன்."

பொய் சொல்கிற குரலை அவளுக்குத் தெரியும், டெஸ்டிங் செக்‌ஷனில் ஆறு வருஷம் பக்கத்து மேஜை. இவன் பொய் சொல்லவில்லை. இவனுக்கு ஞாபகம் இல்லை. தள்ளியிருந்தாலும் ஞாபகம் இல்லை, தள்ளாவிட்டாலும் ஞாபகம் இல்லை. அவள் நாற்பத்தொரு வினாடியை ஆறு வருஷம் தின்றுகொண்டிருந்தபோது இவன் மிளகாய் பஜ்ஜியை ஞாபகம் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறான். தள்ளினேன் அக்கா என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பாள், அந்த நிமிஷம் நிஜமாகவே அப்படித்தான் தோன்றியது. தள்ளவில்லை என்று சத்தியம் பண்ணியிருந்தால்கூட ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். எந்த சுவிட்சு என்று கேட்டுவிட்டான். இனி அவளுக்கு விடையும் கிடையாது. அவளுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டதுபோல இருந்தது, அதற்குள்ளிருந்து தன் குரல் சாதாரணமாக வருவதைக் கேட்டாள்.

"சம்பத்து, வண்டி இடப்பக்கம் இழுக்குது."

பின்னால் யாரோ எதற்கோ கூப்பிட்டார்கள், இருங்க என்றான்.

"எவ்வளவுங்க்கா?"

"நாலடில கோட்ட விட்டு வெளிய போயிருது. மூணு தரம் விட்டேன். மூணு தரமும்."

"ஆன் பண்றப்ப முன்சக்கரத்துக்கு எதாச்சும் முட்டுக் குடுத்திருந்தீங்களா?"

சரியான இடத்தில் விரலை வைத்துவிட்டான். கெட்டிக்காரன், அதில் சந்தேகம் இல்லை. அழிரப்பர் அவள் முழங்கைக்குப் பக்கத்தில், இன்னும் சக்கரத்தை ஒட்டியே இருந்தது, ஒரு மூலை தேய்ந்த வெள்ளை அழிரப்பர். ஆமா என்றால் இருவரும் சிரித்துவிடலாம், ஐயோ அக்கா என்பான், பழையபடி ஆகிவிடலாம். எதுவும் நடக்காததுபோல ஆகிவிடலாம். அதுதான் அவளால் தாங்க முடியாதது.

"இல்ல" என்றாள். "எதும் குடுக்கல."

"சரிங்க்கா." உடனே நம்பிவிட்டான். இன்னொரு தரம் கேட்கவில்லை. அவள் சொன்னால் நிற்கும், அவனிடமும் நின்றது. "அப்படின்னா நான்தான் எங்கியோ விட்டிருக்கேன். உங்க கைல தப்பு வராது. திங்கக்கெழம கடைக்குப் போறத நிறுத்தச் சொல்லிடறேன், இப்பவே சொல்லிடறேன். எங்க தப்புன்னு கண்டுபிடிக்காம அனுப்புனா அசிங்கங்க்கா. நல்ல வேளை உங்க கைக்கு வந்துது." வைக்கும்போது நன்றி வேறு சொன்னான்.

சாந்தாமணி காமிராவை மறுபடி ஓடவிடவில்லை. லாரி ஓடிக்கொண்டிருந்தது, ஒரு மணி இருபது நிமிஷம், வேகம் குறையவில்லை, சூடு ஒரு பிடி கூடியிருந்தது, அவ்வளவுதான். அதை ஒழுங்காக எழுதினாள். காலையில் வயிற்றில் இறங்கிய அந்தச் சூடு மறுபடி வருமா என்று காத்திருந்தாள். வந்தது. காலையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வந்தது, அதில் அவளுக்கு ஏமாற்றம் இல்லை. வெள்ளிக்கிழமைப் படம்கூட இனி தேவையில்லை, ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை, அவளுக்கும் அவனுக்கும் நடுவில் முடிந்துவிட்டது. அரைமணி கழித்து போனில் ஒரு படம் வந்தது. மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து அவன் லாரியின் முன்பாகத்தைப் பிரித்து வரிசையாக வைத்திருந்தான், அச்சு, பல்சக்கரம், இணைப்புக் குச்சிகள், அந்தச் சாய்ந்து உட்காரும் சின்ன கியர். கீழே எழுதியிருந்தான்: எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க்கா, எங்க தப்புன்னே தெரியல, கண்டுபிடிக்கற வரைக்கும் விடமாட்டேன். சாந்தாமணி படத்தைப் பெரிதாக்கினாள். இடமிருந்து வலம் ஒவ்வொரு கட்டையாகப் பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. எத்தனை வருஷம் பார்த்தாலும் இருக்காது. படத்தின் ஓரத்தில் அவன் இடது கட்டைவிரல் கொஞ்சம் விழுந்திருந்தது, அதை அவள் கவனிக்கக்கூட இல்லை. நல்லாப் பாரு சம்பத்து, எங்கியாச்சும் இருக்கும் என்று எழுதி அனுப்பினாள்.